கைக்குத் தெரியாத மின்சாரம்

போன மாதம் அக்கா மகன் ரிச்சி தெருவிலிருந்து இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கினான். முதல் தடவையாகத் தன் கையாலேயே சிஸ்டம் அசெம்பிள் செய்யப் போகிறானாம். மதர்போர்டு, பிராசஸர், இரண்டு ராம், ஒரு எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட். எல்லாவற்றையும் ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் கட்டில் மேல் பரப்பினான். கட்டிலில் பாலியஸ்டர் போர்வை. தரையெல்லாம் தெர்மாகோல் துணுக்கு. அப்புறம் சமையலறைக்குள் போய், பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, ஸ்டாட்டிக் அடிக்காம இருக்க இதைப் போட்டுக்கட்டுமா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. கரண்ட் என்றால் ரப்பர் செருப்பு, மரப்பலகை, ஈரமில்லாத கை என்றுதானே நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் மின்சாரத்திடமிருந்து ஆளைக் காப்பாற்ற. இங்கே ஆளிடமிருந்து பொருளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் இறங்கிப் போக வழி வேண்டும். ரப்பர் அந்த வழியை அடைத்துவிடும். போதாக்குறைக்கு அந்த ரப்பரே உரசினால் மின்னேறுகிற சரக்கு.

கையுறையைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு அவனுக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன்.

ஸ்டாட்டிக் எனப்படும் நிலை மின்சாரம் உரசுவதால் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்காதவர் யார்? உண்மையில் உரசல்கூட அவசியமில்லை. இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரிந்தாலே போதும். ஒட்டியிருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. பிரிக்கும்போது அவை திரும்பி ஓட வழியில்லாமல் போனால், ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் தங்கிவிடுகின்றன. உரசினால் இந்த ஒட்டலும் பிரிதலும் பல இடங்களில், பல தடவை நடக்கிறது, அவ்வளவுதான். எது கொடுக்கும், எது வாங்கும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கண்ணாடி, தலைமுடி, நைலான், கம்பளி எல்லாம் கொடுக்கிற பக்கம். பாலியஸ்டர், பாலித்தீன், பிவிசி, டெஃப்லான் எல்லாம் வாங்குகிற பக்கம். பருத்தி ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. ஆக, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஏற்ற சீருடை நம் வீட்டுக் கொடியில் ஏற்கெனவே தொங்குகிறது: பருத்தி பனியன், பருத்திக் கைலி.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது துணியும் நாற்காலியும் ஒட்டியிருக்கின்றன. மின்னூட்டம் கைமாறுவது அப்போதே நடந்துவிடுகிறது, ஆனால் வோல்டேஜ் பெரிதாக இல்லை. எழும்போதுதான் வேடிக்கை. மின்னூட்டத்தின் அளவு அப்படியே இருக்க, ஆளுக்கும் நாற்காலிக்கும் இடைவெளி கூடக் கூட வோல்டேஜ் மளமளவென்று ஏறுகிறது. சில ஆயிரம் வோல்ட் சர்வசாதாரணம். அந்த நேரத்தில் கையில் ராம் இருந்தால்?

ஆயிரக்கணக்கான வோல்ட் என்றதும் அவன் நம்பவில்லை. "அவ்வளவு இருந்தா நாம செத்துர மாட்டோமா?" என்றான். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது கையில் பொறி விழுமே, அதை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பொறி எரிகிற உலோகத் துகள். அதன் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனாலும் கை வெந்துபோவதில்லை, ஏனென்றால் துகள் அத்தனை சிறியது, அதில் அடங்கியிருக்கும் மொத்தச் சூடு மிகக் குறைவு. அதே பொறி புது நைலான் சட்டையில் விழுந்தால் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை. அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இது தெரியும். வோல்டேஜ் என்பது பொறியின் வெப்பநிலை மாதிரி. எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சிப்புகளைச் சோதிக்கிறவர்கள் மனித உடம்பை 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), அதோடு தொடராக 1500 ஓம் ரெசிஸ்டராகவும் (மின்தடை) வைத்துக்கொள்கிறார்கள். 3000 வோல்ட் ஏறிய உடம்பில் அந்தக் கணக்குப்படி அடங்கியிருப்பது அரை மில்லிஜூலுக்கும் குறைவு. ஒன்றுமேயில்லை. ஆனால் 2000 வோல்டில் தொட்டாலே அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டம் 1.3 ஆம்பியர். அது நீடிப்பது நானோ வினாடிக் கணக்கில்தான். நமக்கு அது ஒரு சுருக். சிப்புக்கு அப்படியில்லை.

சிப்புக்குள் இருப்பவை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய ஸ்விட்சுகள். 1959, 60 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முகமது அடல்லாவும் டாவோன் காங்கும் உருவாக்கியது. அதில் கேட் என்ற முனைக்கும் கீழே உள்ள சிலிக்கானுக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம், அதாவது சிலிக்கன் டை ஆக்சைடு, மின்சாரம் தாண்டாமல் தடுக்கிறது. அந்தப் படலம் ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் தாங்கும். அதற்கு மேல் போனால் துளை விழுந்துவிடும், விழுந்த துளை ஆறாது. ஆரம்ப காலத்தில் படலம் நூறு நானோமீட்டர் அளவுக்கு இருந்தது. அதுகூடப் போதவில்லை: அந்தக் காலத்து மாஸ்ஃபெட்டுகள் சிலவற்றை, கால்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டித்தான் விற்றார்கள். சர்க்யூட்டில் பற்றவைத்து முடித்த பிறகு அந்த வளையத்தைக் கழற்ற வேண்டும். இன்றைய பிராசஸரில் அந்தப் படலம் சில நானோமீட்டர் கனம்கூடத் தேறாது. தலைமுடியின் குறுக்களவு எழுபது, எண்பதாயிரம் நானோமீட்டர் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பி வளையத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது, திரும்ப வருவேன்.

இவ்வளவு மெல்லியதாக இருந்தும் சிப்புகள் தொட்டதும் சாவதில்லை. ஒவ்வொரு முனையிலும் பாதுகாப்பு டையோடுகள் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து அதிக வோல்டேஜ் வந்தால் அதை உள்ளே விடாமல் பவர் லைனுக்கோ கிரவுண்டுக்கோ (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் லைன்) ஒதுக்கிவிடுவது அவற்றின் வேலை. அப்படியென்றால் இன்னும் பெரிதாக வைத்துவிடலாமே என்றால், முடியாது. பாதுகாப்பு பெரிதாகப் பெரிதாக அந்த முனையில் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டம் தேங்கும் அளவு, கூடும், சிக்னல் மந்தமாகும். வினாடிக்குப் பல நூறு கோடித் தடவை மாறுகிற ராம், கிராபிக்ஸ் கார்டு லைன்களில் அதற்கு இடமில்லை. முன்பெல்லாம் ஒரு சிப் 2000 வோல்ட் தாங்க வேண்டும் என்பது எழுதப்படாத இலக்கு. 2000-களின் பிற்பகுதியில் சிப் நிறுவனங்கள் கூடிப் பேசி, 1000 வோல்ட் போதும் என்று இறக்கிக்கொண்டன. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: இன்றைய ஆலைகளில் அடிப்படை ஸ்டாட்டிக் கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே அவ்வளவு தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மணிக்கட்டில் பட்டை, குதிகாலில் பட்டை, மேலே கோட்டு, உள்ளே நுழையும் முன் மெஷினில் சோதனை. சிப் செய்தவர் அந்த ஆலையை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கட்டிலும் பாலியஸ்டர் போர்வையும் அந்தக் கணக்கில் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், நம் உடம்பு இதற்கு நல்ல மீட்டர் இல்லை. ஏறத்தாழ 3000 வோல்டுக்கு மேல் போனால்தான் விரலுக்குச் சுருக்கென்று தெரியும். சட்டென்ற சத்தம் கேட்க, பொறி கண்ணில் பட, அதைவிட அதிகம் வேண்டும். 1000 வோல்டைத் தாண்டினாலே சிப் போகலாம், நமக்கு ஒன்றுமே தெரியாது. "எனக்கு ஷாக்கே அடிக்கலையே" என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

சரி, சென்னை மாதிரி ஊரில் இதெல்லாம் வருமா? வரும், ஆனால் குறைவாக. காற்றில் ஈரப்பதம் இருந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் படிகிறது. மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-இல் வெளியிட்ட ஒரு கையேட்டில் இதற்கு ஒரு பட்டியல் உண்டு, இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுவது. கம்பளத்தில் நடந்தால் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது 35,000 வோல்ட் வரை ஏறலாம். 65 முதல் 90 சதவீதமாக இருந்தால் 1,500. வினைல் தரையில் நடந்தால் 12,000 எதிர் 250. மேசையிலிருந்து பாலித்தீன் பையைத் தூக்கினால் 20,000 எதிர் 1,200. டொராண்டோவில் ஜனவரி மாதம் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் இருக்கிறவர்கள் முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்றை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிடும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் சுருக்கென்பது அதனால்தான். புழுக்கமான சென்னை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாவது எண். ஆனால் அந்த இரண்டாவது எண்களைத் திரும்பப் பாருங்கள்: 1,500, 1,200. கைக்குத் தெரியாது, சிப்பின் இலக்கான 1000-ஐத் தாண்டுகிறது. ஏசி போட்ட அறை இரண்டுக்கும் நடுவில். ஏசியின் வேலையே காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுவதுதானே. ஏசியை நிறுத்தினேன். அவன் முகம் சுருங்கியது.

இப்போது கம்பி வளையத்துக்கு வரலாம். அந்த வளையம் டிரான்சிஸ்டரை எர்த்தோடு இணைக்கவில்லை. எதோடும் இணைக்கவில்லை. கால்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தது, அவ்வளவே. எல்லாக் கால்களும் ஒரே வோல்டேஜில் இருந்தால், அது பூஜ்யமோ பத்தாயிரமோ, கேட்டுக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை; வித்தியாசம் இல்லையென்றால் பாய்வதற்கு ஒன்றுமில்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காயின் கதையும் இதுதான். பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி வந்து நின்றதும் குழாயை மாட்டும் முன்னால் ஒரு கிளிப் வைத்த ஒயரை வண்டியில் கவ்வவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியும் தரைக்குள் இருக்கும் தொட்டியும் முதலில் சமமாகட்டும், பிறகு பெட்ரோல் இறங்கட்டும் என்பது ஏற்பாடு.

வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போதும் வேண்டியது இந்தச் சமம்தான். நான், கேபினட், என் கையில் இருக்கும் பொருள் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எர்த் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வேலை நடக்கும். இணையத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் "எர்த் பண்ணு, எர்த் பண்ணு" என்றே சொல்வதால் பலர் இந்த இடத்தில் குழம்பிப் போகிறார்கள்.

மணிக்கட்டில் கட்டும் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை செய்வதும் இதைத்தான். அதன் ஒயரில் ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய தடை வைத்தால் மின்னூட்டம் எப்படி இறங்கும் என்று கேட்கலாம். உடம்பின் சரக்கு அத்தனை கொஞ்சம் என்பதால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேயே இறங்கிவிடும். ரெசிஸ்டர் இருப்பது வேறு காரணத்துக்கு. பட்டை கட்டிய கையோடு தவறிப்போய் 230 வோல்ட் லைனைத் தொட்டுவிட்டால், ரெசிஸ்டர் அந்தப் பாதையில் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. வெறும் ஒயராக இருந்தால் ஆளையே தூக்கிவிடும். ஆகவே பட்டை கிடைக்கவில்லை என்று மணிக்கட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் செருகும் சாகசம் வேண்டாம். ஒயரே இல்லாத பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். காசுக்குப் பிடித்த கேடு. மின்னூட்டம் போக இன்னொரு முனை வேண்டாமா?

பட்டையின் கிளிப்பைக் கேபினட்டில் எங்கே மாட்டுவது என்பதில் ஒரு சூட்சுமம். கேபினட் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பெயின்ட் இல்லாத இடம் பார்க்க வேண்டும்: ஸ்க்ரூத் தலை, மதர்போர்டு உட்காரும் பித்தளைக் குமிழ், பின்பக்கம் கார்டு செருகும் இடத்தை மூடியிருக்கும் வெள்ளித் தகடு. மல்டிமீட்டர் இருந்தால் தொடர்ச்சி பார்க்கும் பீப்பில் வைத்து இரண்டு இடத்தைத் தொட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். பட்டை இல்லாதவர்கள் அந்த வெறும் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டால் போதும். எழுந்து போய் வந்தால் முதலில் அதைத் தொடு, உட்கார்ந்த இடத்தில் நகர்ந்தால் தொடு, பையைப் பிரிக்கும் முன் தொடு. என் பல வருஷத்து அசெம்பிள் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. பட்டையின் ஒரே லாபம், மறதிக்கு இடமில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை பிளக்கில் மாட்டி வைத்துக்கொண்டு செய்யலாமா என்பது பெரிய சண்டை. எர்த் கிடைக்குமே என்பது ஒரு கட்சி. நம் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருக்கும்; எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. சுவரில் ஸ்விட்சை அணைத்தாலும் எர்த் இணைப்பு அறுபடாது என்பதும் உண்மை. ஆனால் நம் ஊர் வீடுகளை எனக்குத் தெரியும். பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஸ்விட்ச் ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பார்கள். இன்னொன்று, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் ஆனில் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடாதபோதும் மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு சப்ளை வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் ராமைச் செருகி எரித்துவிட்டு ஸ்டாட்டிக் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. என் கட்சி: பிளக்கைக் கழற்றிவிடு. சமம் போதும்.

எர்த் இல்லாத வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஓடுகிற கம்ப்யூட்டரின் கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம் வருமே, பலர் அதை ஸ்டாட்டிக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டாட்டிக் ஒரு தடவை அடித்து முடிந்துவிடும். தொட்டுக்கொண்டே இருந்தால் தொடர்ந்து வருவது வீட்டு லைனின் மாறுதிசை மின்சாரம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதில் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் இரண்டுக்கும் நடுவில், 115 வோல்ட் பக்கம் மிதக்கும். மானிட்டர் வேறு ஒரு அளவில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டும் ஓடும்போது எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மெல்லிய பின்கள் வழியே தீர்த்துக்கொள்ளப் பார்க்கும். டிவியில், கிராபிக்ஸ் கார்டில் எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம். ஒயர்களை எல்லாம் மாட்டிவிட்டுப் பிறகு பவர் போடுவது இதனால்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்வது அதைவிட நல்லது. அந்தச் செலவு ஒரு ராம் விலைகூட ஆகாமல் போகலாம்.

இதுவரை சொன்னது கடத்தும் பொருள்களைப் பற்றி. பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் வேறு சாதி. அவற்றை எர்த்தில் கட்டினாலும் பிரயோஜனமில்லை. ஏறிய மின்னூட்டம் ஏறிய இடத்திலேயே உறைந்து நிற்கும், ஒயர் தொடும் இடத்துக்கு நகர்ந்து வராது. ஒரே வழி, அப்புறப்படுத்துவது. தெர்மாகோல் மேல் மதர்போர்டை வைத்தால், மணிக்கட்டுப் பட்டை கட்டிய ஆள் தொட்டாலும் ஆபத்து உண்டு. இப்போது மின்னேறியிருப்பது போர்டு. அது ஆளின் கையில் இறங்குகிறது. சிப் உலகில் இதற்குத் தனிச் சோதனையே உண்டு. இப்படி இறங்கும் மின்னோட்டம் மனிதக் கையிலிருந்து பாய்வதைவிட மிக வேகமானது. ஒரு நானோ வினாடிக்குள் பல ஆம்பியர்.

அதனால் முதல் வேலையாகக் கட்டிலைக் காலி செய்தோம். தெர்மாகோல், பபிள் ராப், பாலித்தீன் உறை எல்லாம் ஹாலுக்குப் போயின. சாப்பாட்டு மேசைக்கு, மரப்பலகை மேசை, இடம் மாறினோம். கேபினட்டின் கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தைப் பையன் ஆசை ஆசையாகப் பிடித்தான். எல்லோருக்கும் அதைக் கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு உரிக்கத்தான் பிடிக்கும். அதைவிட மோசமான நேரம் இல்லை. ஒட்டிப் பிரிகிற விஷயத்துக்கு அதைவிட நல்ல உதாரணமும் இல்லை: வரிசையின் ஒரு கோடியில் இருக்கும் கண்ணாடி, மறு கோடியில் இருக்கும் பிளாஸ்டிக், ஒன்றரை அடி உயரத்துக்கு மெதுவாக உரிகிறது. கண்ணாடிப் பலகையைக் கழற்றி பால்கனிக்கு எடுத்துப் போய் உரிக்கச் சொன்னேன். உரித்த படலம் அவன் முழங்கையில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் போகாமல் கூடவே வந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

மதர்போர்டு வரும் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளி மினுக்கும் சாம்பல் நிறப் பைக்குள் மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. வெளியே நடப்பது உள்ளே எட்டாமல் அது மறைக்கும். வெளிர் சிவப்புப் பை அப்படியில்லை. அது தானாக மின்னேறாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பழைய ராமைச் சிவப்புப் பையில் போட்டு அலமாரியில் வைக்கிறவர்கள் அதிகம். வெள்ளிப் பையின் மேல் மதர்போர்டை வைத்து வேலை செய்வதும் பழைய வழக்கம். பையின் பாதுகாப்பு உள்ளே இருப்பவற்றுக்கு, மேலே இருப்பவற்றுக்கு இல்லை. அடியில் துருத்தும் பற்றவைத்த முனைகள் உள்ளே இருக்கும் உலோகத்தைக் குத்தித் தொட்டால், பவர் போட்டுப் பார்க்கும்போது வேறு தொல்லை. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியே போதும். அட்டை மெல்ல மெல்ல மின்னூட்டத்தை இறக்கிவிடும் ரகம்.

பையைப் பிரிக்கும் முன் அதைக் கேபினட்டின் வெறும் உலோகத்தில் ஒரு தடவை வைக்கச் சொன்னேன். அப்புறம் போர்டை எடுக்கும்போது முதலில் விரல் படவேண்டிய இடம், பின்பக்கத்து யூஎஸ்பி, லேன் போர்ட்டுகளின் உலோகக் கூடு. அது போர்டின் கிரவுண்டோடு இணைந்தது. அங்கே சமமானால் பொறி சிப்பைத் தேடிப் போகாது. ஸ்க்ரூ போடும் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளி வளையம் இருக்கிறதே, அதுவும் கிரவுண்டுதான். பித்தளைக் குமிழில் உட்கார்ந்து ஸ்க்ரூ முறுகியதும் போர்டும் கேபினட்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதோடு பாதிக் கவலை தீர்ந்தது. ராமை இரண்டு ஓரத்திலும் பிடிக்க வேண்டும், தங்கப் பல் வரிசையில் விரல் படக்கூடாது. எஸ்எஸ்டிக்கும் அதே. பிராசஸரை அதன் விளிம்பில்.

நடுவில் அவன் தங்கை ஓடி வந்து, "நான் தரேன், நான் தரேன்" என்று ராமை எடுக்கப் போனாள். நைலான் பாவாடை. சோபாவிலிருந்து எழுந்து வந்தவள். "முதல்ல அண்ணனுக்குக் கை கொடு" என்றேன். இருவரும் கை குலுக்கினார்கள். அப்புறம் ராமைக் கொடுத்தாள். விளையாட்டு மாதிரி இருந்தாலும் இதுதான் முறை: ஆளும் ஆளும் முதலில் சமமாக வேண்டும், பொருள் அதற்குப் பிறகு கை மாற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. எந்த ஜாக்கிரதையும் இல்லாமல் கம்பளத்தில் உட்கார்ந்து ஐம்பது சிஸ்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய் இல்லை. சிப்பில் டையோடு இருக்கிறது, போர்டில் இணைந்த சிப் பல நேரம் தனிச் சிப்பைவிடத் திடமானது, பொறி எங்கே இறங்குகிறது என்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வீட்டில் வருஷத்துக்கு ஒன்று போடுகிறவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும். ஆலையில் நாளைக்குப் பல ஆயிரம் போடுகிறவர்கள் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது, அதனால் அத்தனை பட்டைகள். சில வருஷம் முன்னால் நான் போட்ட ஒரு ராம், இரண்டு வாரம் ஓடிவிட்டு மெமரி டெஸ்டில் பிழை காட்ட ஆரம்பித்தது. கடையில் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். என் கையில் போனதா, வரும்போதே பழுதா? சிப்பைப் பிளந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சொல்லலாம். ஒரு ராமுக்காக யார் அதைச் செய்வார்கள்? ஆகவே "ஸ்டாட்டிக்கால் போச்சு" என்பவரும் "ஸ்டாட்டிக்கெல்லாம் சும்மா" என்பவரும் பெரும்பாலும் ஊகத்தில்தான் பேசுகிறார்கள்.

அசெம்பிள் முடிந்தபின் வரும் துப்புரவுக்கும் ஒரு வார்த்தை. வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையைக் கேபினட்டுக்குள் விடாதீர்கள். தூசி உள்ளே பறந்து உரசும்போது அந்த முனை நன்றாக மின்னேறும். பெயின்ட் அடிக்கும் சின்னப் பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்து பவர் பட்டனை அமுக்கினான். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. பையன் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, ஸ்டாட்டிக்ல பிராசஸர் போயிருச்சா?"

மதர்போர்டின் ஓரத்தில் பிராசஸருக்கான சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசஸருக்குப் போகிற எட்டு பின் பவர் ஒயர் எதிலும் செருகப்படாமல் கேபினட்டின் மேல் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.